லிட்டர் என்றால் டோலி

1

நீதிமன்றத்தில் நான் குற்றவாளியாக நின்று இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஊரில் இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். கொலையும் இல்லை, திருட்டும் இல்லை. ‘லிட்டர்’ என்ற ஓர் ஆங்கிலச் சொல் என்மேல் வழக்காக வந்தது. அங்கே படியும் ஆழாக்கும் போய் இனிமேல் பாலை லிட்டரில் அளக்கப் போகிறார்களாம். அது வேறு. இங்கே இங்கிலாந்தில் தெருவில் கிடக்கும் குப்பைக்கு லிட்டர் என்று பெயர். பூங்காவில், பஸ் நிறுத்தத்தில், மீன் வறுவல் கடை வாசலில், எங்கு பார்த்தாலும் ‘லிட்டர் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலகைகளை ஐந்து ஆண்டுகளாகப் படித்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த லிட்டர் வேறாக இருந்தது. லிட்டர் என்றால் டோலி, அதாவது ஆளைத் தூக்கிப் போகும் பல்லக்கு. இந்த நாட்டில் டோலிக்கு இவ்வளவு கடுமையான தடை ஏன் என்று புரியவில்லை. ஆனால் தெருவில் ஒரு டோலிகூடக் கண்ணில் படாததால், தடை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் குப்புசாமி. சித்தூர் ஜில்லாவில் புத்தூருக்குப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடும் குடும்பம். சென்னையில் நான் கணக்கு எழுதிய நூல் இயந்திரக் கம்பெனி என்னைப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியது. பயிற்சி முடிந்தது, நான் திரும்பவில்லை. யார்க்ஷயரில் ஒரு மில் ஊரில், கம்பளி ஆலையின் சாமான் கிடங்கில் வேலை. ஆலையில் என்னை ‘கப்’ என்று கூப்பிடுகிறார்கள். மகள் பத்மாவைப் பள்ளிக்கூடத்தில் ‘பேட்’ என்கிறார்கள். மனைவி வள்ளியை அப்போது யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லை, அவள் வெளியே போனதே இல்லை.

2

இந்தத் தப்பின் வேர் திருப்பதியில் இருக்கிறது. என் சித்தப்பா மலையடிவாரத்தில் இரண்டு டோலி வைத்திருந்தார். நடக்க முடியாதவர்களைப் படியேற்றித் திருமலைக்குக் கொண்டுபோய் விடும் தொழில். சுதந்திரம் வந்த புதிதில், நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்த சமயம், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“டேய் குப்பு, வடக்கத்திக்காரங்கோ, தொரைங்கோ எல்லாம் வந்துக்கினு கீறாங்கோ. டோலிக்கி இங்கிலீசுல இன்னாடா?”

என்னிடம் ஒரு பள்ளிக்கூட அகராதி இருந்தது. தமிழில் பார்த்து ஆங்கிலம் எடுக்கும் அகராதி. பல்லக்கு என்ற இடத்தில் ‘லிட்டர்’ என்று போட்டிருந்தது. சித்தப்பாவுக்குச் சொல் பிடித்துவிட்டது, பலகையில் குறைந்த இடமே எடுத்தது. ‘ஃபர்ஸ்ட் கிளாஸ் லிட்டர் இங்கே கிடைக்கும்’ என்று கொட்டை எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். கீழே, ‘பெண்களுக்குத் தனி லிட்டர்’ என்றும் சேர்த்தேன். மனைவியோடு மலையைப் பார்க்க வந்த ஒரு ரயில்வே துரை அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தோள்கள் குலுங்கின. பக்தி என்று நினைத்தோம்.

பிறகு ஆந்திர ராஜ்யம் பிறந்தது. வேங்கடம் யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிய காலம். சித்தப்பாவின் பலகையில் அதுவரை தமிழ் மேலே, தெலுங்கு கீழே இருந்தது. அவர் பெயிண்டரைக் கூப்பிட்டு இடத்தை மாற்றச் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது தமிழையே காணோம். கேட்டதற்கு, “எடம் பத்தலடா, நாம வாயால சொல்லிக்கலாம்” என்றார். லிட்டர் மட்டும் எழுதிய இடத்திலேயே இருந்தது. அதை யாரும் எதிர்க்கவில்லை.

3

போன வருஷம் குளிர்காலத்தில் பத்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இழுப்பாக மாறியது. ஆறு வயசுக் குழந்தை, மூச்சு விடும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். டாக்டர் வந்தார், பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார். போகவில்லை. வேறு நிறத்தில் ஒன்று கொடுத்தார். வள்ளி இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்தாள், ஆனால் காரணம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் பத்மா பட்டுப் பாவாடை கட்டித் தேவதையாக நின்றாள். பள்ளிக்கூடமே கை தட்டியது.

“ஊரு கண்ணு மொத்தமும் பட்டுட்ச்சி மாமா” என்றாள்.

முதலில் உப்பும் மிளகாயும் சுற்றிக் கணப்பு நெருப்பில் போட்டாள். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாள் தெருவுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கினாள். இனி இந்த வீட்டில் கரியைத் தவிர எதையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவு. மிச்சம் இருந்த வழி பூசணிக்காய். அது இந்த ஊரில் கிடைப்பதில்லை. டர்னிப் என்று ஒரு கிழங்கு கிடைக்கிறது, நம் முள்ளங்கிக்கு உறவு, ஆனால் உருண்டையாகத் தேங்காய் அளவில் இருக்கும். வள்ளி அதைக் குடைந்து உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி, ஒரு காசு போட்டு, குழந்தையைச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“முச்சந்தில ஒட. ஒடச்சிட்டுத் திரும்பிப் பாக்காத வந்துடு. யாரு கூப்ட்டாலும் திரும்பாத. திரும்புன, கூடவே வந்துடும்.”

விளக்கு வைக்கும் நேரத்தில் போனேன். எங்கள் தெரு சரிவான தெரு. மூன்று தெரு சேரும் இடத்தில் ஓங்கிப் போட்டேன். பூசணி என்றால் உடையும். டர்னிப் உடையவில்லை. துள்ளி, சரிவில் உருண்டு போகும் சத்தம் கேட்டது. நான் திரும்பி நடந்துகொண்டிருந்தேன்.

“சார்” என்று பின்னால் ஒரு குரல். நடந்தேன்.

“சார், உங்கள் சாமான் விழுந்துவிட்டது.”

நடையைக் கூட்டினேன். போலீஸ்காரர் கூப்பிடும்போது நடையைக் கூட்டும் மனிதன் எப்படித் தெரிவான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கூப்பிட்டது போலீஸ்காரர் என்பதே தெரியாது, திரும்பினால்தானே தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். இளவயசுக் கான்ஸ்டபிள் ஒருவர் நின்றார். உள்ளங்கையில் டர்னிப். விரல்களெல்லாம் சிவப்பு.

“இது உங்களுடையது என்று நினைக்கிறேன்.”

எனக்குப் பின்னாலிருந்து வள்ளி வந்து கதவைச் சாத்தினாள். அவர் மூக்குக்கு நேராகச் சாத்தினாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, “போன கண்ண போலீஸ் வச்சித் திருப்பி அனுப்பறாங்களே மாமா, இது இன்னா ஊரு?” என்றாள்.

அந்த வாரம் இழுப்பு கூடியது. வள்ளி அழவில்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு சொன்னாள்: “நான் புள்ளய இட்டுக்கினு எங்க ஊட்டுக்குப் போறேன். கண்ணு கழிச்சி வீசறதுக்குக்கூட எடம் இல்லாத ஊருல புள்ளய எப்பிடி வளக்கறது? நீ இருந்து சம்பாரி.”

எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். குழந்தையும் அவளும் போய்விட்டால் இந்த ஊரில் நான் யார் என்று நினைத்துப் பார்த்தேன். ‘கப்’ மட்டும்தான் மிஞ்சுவான்.

4

சம்மன் வந்தது. பொதுத் தெருவில் லிட்டரைப் போட்டு, விட்டுவிட்டுச் சென்றதாகக் குற்றம். இரண்டு முறை படித்தேன். யாரோ டோலியை நடுத்தெருவில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறான், பழி என்மேல் விழுந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். டர்னிப்புக்கு இன்னொரு சம்மன் தனியாக வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் இதைத் தீர்ப்போம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மேசையில் வயதான சார்ஜெண்ட் ஒருவர் இருந்தார்.

“ஐயா, இதில் தவறு நடந்திருக்கிறது. என்னிடம் லிட்டர் எதுவும் இருந்ததில்லை. என் சித்தப்பாவிடம்தான் இரண்டு இருந்தது.”

அவர் பேனாவை எடுத்தார். “இரண்டா? நாயா, பன்றியா?”

“மனிதர்கள், ஐயா.”

பேனா நின்றது. “எத்தனை?”

“ஒரு நேரத்தில் ஒருவர்தான். கனமான ஆளாக இருந்தால் தூக்க ஆறு பேர் வேண்டும்.”

அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். “உங்கள் சித்தப்பா இப்போது எங்கே?”

“திருப்பதியில். எல்லாம் முறையாக, பலகை வைத்துச் செய்கிறார்.”

“அப்படியானால் அது எங்கள் எல்லைக்குள் வராது” என்று பேனாவை மூடினார். பிறகு எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். மோர்ச் சூட்டில் இருந்தது, குடித்தேன்.

5

வீட்டுக்கு வந்தால் பத்மா கட்டிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் புத்தகத்தை அம்மாவுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். “பூனை அஞ்சு கிட்டன் லிட்டர் போட்டுச்சு, மா.”

“பூன எதுக்குக் குப்ப போடுது?” என்றாள் வள்ளி. எப்படியோ அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பவள், குப்பைக்காரன் வண்டியில் எழுதியிருப்பதைப் பத்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் ஊர் நூலகத்துக்குப் போனேன். இரண்டு கையால் தூக்க வேண்டிய அகராதி ஒன்றை அங்கே வேலை செய்யும் அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அதில்தான் முழுக் கதையும் இருந்தது. லத்தீனில் படுக்கைக்கு ‘லெக்டுஸ்’ என்று பெயர். அது பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து லிட்டராகி இங்கே வந்தது. முதலில் வெறும் படுக்கை. படுக்கைக்குக் கழி கட்டித் தூக்கியதும் பல்லக்கு. ஏழைகள் வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள், அதனால் வைக்கோலுக்கும் அதே பெயர். மாட்டுக் கொட்டகையிலும் அதே வைக்கோல். அதன்மேல் பன்றியும் நாயும் ஒரே ஈற்றில் போட்ட குட்டிகளும் லிட்டர். கடைசியில் வைக்கோல் கண்டபடி இறைந்து கிடப்பதைப் பார்த்தவர்கள், இறைந்து கிடக்கும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ராஜா ஏறிய பல்லக்கு சறுக்கிச் சறுக்கிக் குப்பைத் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் பள்ளிக்கூட அகராதி பல்லக்கோடு நின்றுவிட்டது.

பிறந்த குழந்தைக்கும் குப்பைக்கும் ஒரே சொல்லா என்று ஆச்சரியப்பட எனக்கு உரிமை இல்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த என்னைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, ‘இது குப்பை, எவனுக்கும் வேண்டாம்’ என்று எமனுக்குக் கேட்கும்படி சொல்லி, அத்தை தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். அதனால் குப்புசாமி. எங்கள் பக்கம் இப்படித் தெருவுக்கு நாலு குப்புசாமி உண்டு, தெலுங்குக்காரர்களில் பெண்டய்யா உண்டு, அதுவும் குப்பைதான். ஆனால் தெலுங்கில் ‘குப்ப’ என்றால் களத்தில் குவித்த நெல்லும் ஆகும். பக்கத்துக் கொல்லை ரெட்டியார் என் பெயரைக் கேட்டுவிட்டு, பெயரிலேயே விளைச்சல் இருக்கிறது என்று என்னைப் பெற்ற நைனாவைப் பாராட்டினாராம். நைனா மறுக்கவில்லை.

அகராதியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாள் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அதற்கு என்ன பொருள் என்றாள். விரித்திருந்த பக்கத்திலேயே விரலை வைத்துக் காட்டினேன். அவள் பல்லக்கு என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, “அழகான பெயர்” என்றாள்.

6

இதற்கிடையில் ஏப்ரல் முதல் தேதி வந்தது. எல்லைப் பிரச்சினை தீர்ந்து, திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்துக்குப் போக, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. வள்ளியின் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். காலையில் வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் எங்கள் ஊரிலிருந்து போய்விடலாம், நடுவில் இப்போது ராஜ்ய எல்லை. ஆலையில் சொன்னேன்: “இன்று காலையிலிருந்து என் மனைவி வேறு மாநிலத்துக்காரி.” எல்லாரும் சிரித்தார்கள். இங்கே அந்தத் தேதி முட்டாள்கள் தினம். அன்று யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

நைனா எழுதியிருந்தார்: ‘தமிழ்ல நீ குப்ப, தெலுகுல நீ நெல்லு. நாம ஆந்திராவுலயே நின்னுட்டோம். ஒனக்கு ஒசத்திதான்.’ சிரிப்பு வந்தது, வள்ளியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மே மாதக் கப்பலில் அவளுக்கும் பத்மாவுக்கும் இடம் பிடித்தாகிவிட்டது. பிடித்துக் கொடுத்தவன் நான்தான். கப்பல் கம்பெனி பாரத்தில் ‘செல்லும் ஊர், மாநிலம்’ என்று இருந்தது. ஆந்திரா என்று எழுதி, அடித்து, சென்னை என்று எழுதினேன். இங்கேயிருந்து அவள் போவதோடு, அங்கேயும் என் வீட்டுக்குப் போகவில்லை என்பது அந்த அடித்தலைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

7

நீதிமன்றத்துக்கு வள்ளியும் வந்தாள். பத்மாவை விட்டுவிட்டு வர ஆள் இல்லை, குழந்தையும் வந்தது. படியேறும்போது எனக்குப் பாடம் சொன்னாள்.

“அது ஒன்னுதுதானான்னு கேட்டா ஆமான்னு சொல்லிடாத. சொன்னா அத்த நீ ஒத்துக்கினு ஊட்டுக்கு இட்டுக்கினு வந்த மாதிரி.”

“நான் போட்டது உண்மைதானே?”

“போட்டது நீதான். அது நம்மளுது இல்ல.”

இதைச் சட்டத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கூண்டில் நின்றேன். கான்ஸ்டபிள் சாட்சி சொன்னார். கிழங்கு தம் பூட்ஸில் வந்து மோதியதையும், உள்ளே ரத்தம் என்று நினைத்ததையும், கூப்பிடக் கூப்பிட நான் வேகமாக நடந்ததையும், முகத்தில் கதவு சாத்தப்பட்டதையும் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. காகிதப் பையிலிருந்து டர்னிப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். கிழவன் முகம் மாதிரி சுருங்கியிருந்தது.

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். “மிஸ்டர் குப்புசாமி, இது உங்களுடையதா?”

மேலே பார்வையாளர் மாடத்தைப் பார்த்தேன். பத்மாவை மடியில் வைத்துக்கொண்டு வள்ளி இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முச்சந்தி வரைக்கும் என்னுடையது, ஐயா. அங்கே விட்டுவிட்டேன்.”

“யாருக்கு?”

“முச்சந்திக்கு.”

அவர் குமாஸ்தாவிடம் குனிந்து, அந்த முச்சந்தி யாருக்குச் சொந்தம் என்று கேட்டார். நகராட்சிக்கு என்றார் குமாஸ்தா. “அப்படியானால் டர்னிப்பும் இப்போது நகராட்சியுடையது” என்றார் மாஜிஸ்திரேட். பொருள் என்னுடையது அல்ல, ஆனால் விட்டது குற்றம், சிறிய அபராதம். வள்ளிக்கு வேண்டியிருந்த தீர்ப்பு எழுத்துப் பிசகாமல் கிடைத்தது. நகராட்சிச் சொத்தை அப்புறப்படுத்தும்படி கான்ஸ்டபிளுக்கு உத்தரவு. அவர் அதை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு போனார். மேலே வள்ளி எழுந்து நின்றது தெரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் கான்ஸ்டபிள் எங்களிடம் வந்தார். இதற்குப் போய் வழக்குப் போட்டது கொஞ்சம் கடுமைதான், மன்னிக்க வேண்டும் என்றார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சரியாகப் பால் குடிப்பதில்லை, அழுகை நிற்பதில்லை, அந்தக் கிழங்கை எடுத்த வாரத்திலிருந்து தூக்கமே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அவர் தற்செயலாகத்தான் சொன்னார்.

“இன்னா சொல்றாரு?” என்றாள் வள்ளி.

“போய்ட்டு வரேன்றாரு” என்றேன்.

“இல்லம்மா” என்றது பத்மா. வீட்டு வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும் பேசும் குழந்தை, அன்று தானாகத் தமிழில் சொன்னது. “அவர் பேபி மில்க் துன்ன மாட்டுது. டர்னிப் எடுத்த வீக்ல இருந்து.”

வள்ளி கான்ஸ்டபிளின் கைகளைப் பார்த்தாள். “இந்தக் கையோட போய்ப் புள்ளயத் தூக்கியிருப்பாரு” என்றாள். பிறகு என்னிடம், “இந்தத் தம்பி வூடு எங்கன்னு கேளு.”

8

அவர் மனைவியைப் பார்த்தால், யார் வந்து எதைச் சுற்றினாலும் சரி, குழந்தை அழுகையை நிறுத்தினால் போதும் என்ற நிலையில் இருந்தாள். வள்ளி உப்பும் மிளகாயும் கொண்டுபோயிருந்தாள். குழந்தையைக் கிழக்கே பார்க்க மடியில் வைக்கச் சொன்னாள். இடமும் வலமுமாகச் சுற்றி நெருப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“பாரு, நெடியே வரல. அவ்ளோ கண்ணு கீது” என்றாள் வள்ளி. நானும் கான்ஸ்டபிளும் வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாளில் குழந்தை பால் குடித்தது. அதே வாரம் டாக்டர் பால் பவுடரை மாற்றிக் கொடுத்திருந்தார் என்பதைக் கான்ஸ்டபிள் என்னிடம் சொன்னார். நான் வள்ளியிடம் சொல்லவில்லை. பத்மாவுக்கும் வெயில் வந்ததும் இழுப்பு விட்டது. அதற்கு டாக்டரும் வள்ளியும் தனித்தனியாகக் காரணம் வைத்திருக்கிறார்கள்.

கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தபோது வள்ளி பெட்டியைப் பாதியில் நிறுத்தினாள். “அந்தப் புள்ளைக்கி இன்னும் பாதி கீது. நம்ம கண்ணு அது. வுட்டுட்டு எப்பிடிப் போறது? அடுத்த கப்பலுக்குப் பாக்கலாம்.” அன்றைக்கே நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வள்ளி தனியாக பஸ் ஏறிப் போய்வருகிறாள். குழந்தை இப்போது நடக்கிறது, பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்கிறது, கன்னம் இரண்டும் தொங்குகின்றன. அவள் திரும்பி வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: “எப்பிடி கீது?” அவளும் ஒன்றுதான் சொல்வாள்: “இன்னும் கொஞ்சம் கீது மாமா.” அந்தக் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று நான் மனதாரச் சாமி கும்பிடுகிறேன். முழுக்கக் குணமாகிவிட்டது என்று வள்ளி சொல்லிவிடக் கூடாது என்றும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமையும் கேட்டேன். கோட்டைக் கழற்றி மாட்டினாள். தட்டு வைத்தாள். பத்மாவைக் கூப்பிட்டாள்.

“முக்காவாசி பூட்ச்சி” என்றாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். வள்ளி அதைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கரண்டி குழம்பை என் தட்டில் ஊற்றினாள்.

“மொத்தமும் பூட்டா மட்டும் நான் எங்க போவப் போறேன். துன்னு மாமா.”